சென்னை வீட்டில் முதல் கோஃபர் பாம்பு: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

கோஃபர் பாம்பும் (gopher snake) அதன் பெரிய உட்பிரிவான புல் ஸ்நேக்கும் (bullsnake) வட அமெரிக்காவின் புல்வெளிகளிலும் வறண்ட நிலங்களிலும் எலிகளையும் வளைவாழ் விலங்குகளையும் தின்று வாழும் நச்சில்லாப் பாம்புகள். பகலில் நடமாடுபவை, உடல் வலு மிக்கவை, சுறுசுறுப்பானவை. அங்கே எழுதப்படும் வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பகுதி கூண்டை எப்படிச் சூடாக வைப்பது என்று சொல்லித் தருகிறது. சென்னையில் வளர்ப்பவர் பெரும்பாலான மாதங்களில் இதற்கு நேர்மாறாக, கூண்டைக் குளிர்ச்சியாகவும் ஈரமின்றியும் வைத்திருக்கவே பாடுபட வேண்டியிருக்கும். இதற்கு வழி செய்ய முடியுமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதன் பிறகே எந்தப் பாம்பை வாங்குவது என்று யோசிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஆவணங்கள். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்களும் அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். கோஃபர் பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் அது இந்த மண்ணுக்குரிய உயிரன்று என்பதால், எந்த வழியில் நாட்டுக்குள் வந்தது என்ற கேள்வி அதை விட்டு நீங்காது. வெளிநாட்டுப் பாம்புகள் பயணிகளின் பெட்டிகளில் கடத்தி வரப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. எனவே, இறக்குமதி அனுமதியையோ, உள்நாட்டில் பிறந்த குட்டி என்றால் அதன் பெற்றோருக்குரிய ஆவணங்களையோ காட்ட இயலாதவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்கக் கூடாது. வாங்கும் முன் வனத்துறையிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்வதும் நல்லது.

புல் ஸ்நேக் சாதாரணமாக 1.2 முதல் 1.8 மீட்டர் வரை வளரும். 2 மீட்டரைத் தாண்டுபவையும் உண்டு. மேற்குக் கரையோரத்தின் கோஃபர் வகைகள் பொதுவாக இதைவிடச் சிறியவை என்பதால், இடம் குறைந்த அடுக்குமாடி வீட்டில் முதன்முதலாக வளர்ப்பவருக்கு அவையே பொருத்தம் என்பது என் கருத்து. நன்கு பராமரித்தால் 20 ஆண்டுகள் வரையும், சில அதற்கு மேலும் வாழும். வாடகை வீட்டில் இருப்பவர் உரிமையாளரின் சம்மதத்தையும், கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர் பெரியவர்களின் சம்மதத்தையும் முன்கூட்டியே பெறுவது அவசியம். மறைத்து வளர்க்கப்படும் பாம்பு அவசர நேரத்தில் உதவிக்கு ஆளின்றிப் போய்விடும்.

குட்டியைப் பார்க்கச் செல்லும்போது அது சீறுவதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். இந்த இனத்தின் மூச்சுக்குழல் வாயிலில் மெல்லிய மடிப்பு ஒன்று உண்டு. வெளியேறும் காற்று அதன்மீது மோதி அதிர்வதால், மற்றப் பாம்புகளின் சீறலைவிட உரத்த, கரகரப்பான ஒலி பிறக்கிறது. தலையைத் தட்டையாக்குவதும், வாலை வேகமாக அதிரச் செய்வதும் அச்சத்தின் அடையாளங்களே. பெரும்பாலான குட்டிகள் பழகப் பழக அடங்கிவிடும். நாம் கவனிக்க வேண்டியவை வேறு: வாயோரத்தில் நுரை அல்லது குமிழி, மூச்சு விடுகையில் சளிச் சத்தம், முதுகெலும்பு துருத்திய மெலிவு, வயிற்றுச் செதில்களில் கொப்புளம், கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் கரும்புள்ளிகளாக ஊரும் சிற்றுண்ணிகள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தக் குட்டியை வாங்கக் கூடாது. குறைகள் ஏதும் இல்லையென்றால், உறையவைத்து இளக்கிய எலியை அது உண்பதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வளர்ந்த பாம்பின் கூண்டுக்குக் குறைந்தது 4 அடி நீளமும் 2 அடி அகலமும் வேண்டும். பெரிய புல் ஸ்நேக்கிற்கு 6 அடி நீளம் இருந்தால் நல்லது. ஒரு முனையில் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 24 முதல் 26 டிகிரி என்ற வேறுபாடு இருந்தால்தான் பாம்பு தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே தேடிக்கொள்ளும். இதற்காகக் கூண்டுக்கு அடியில் சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட் வைத்தால், சூடு அளவு மீறாமல் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். ஆனால் தெர்மோஸ்டாட்டால் சூட்டை நிறுத்த முடியுமே தவிரக் குளிர்விக்க முடியாது. கத்திரி வெயில் நாட்களில் மூடிய அறை பிற்பகலில் 35 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். அந்தச் சூட்டிலிருந்து தப்பக் குளிர்ந்த மூலை இல்லாத பாம்பு உயிருக்கே ஆபத்தான நிலையை அடையும். மேற்கு வெயில் படும் சுவரோரமும் பால்கனியும் கூண்டுக்கு ஆகாத இடங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருந்து, பகலில் ஏசி ஓட்டவும் வசதி இல்லாதவர் இந்தப் பாம்பை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

ஈரப்பதமும் அதே அளவுக்கு முக்கியம். இந்தப் பாம்புக்கு ஏற்றது 30 முதல் 50 சதவீதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றில் 80 சதவீதத்திற்கு மேலும் ஈரம் இருக்கும். தொடர்ந்த ஈரத்தால் நுரையீரல் தொற்றும் செதில் அழுகலும் வரும். எனவே நீரைப் பிடித்து வைக்கும் தேங்காய் நார்த்தூளைத் தவிர்த்து, எளிதில் மாற்றக்கூடிய செய்தித்தாளையோ, கிடைத்தால் உலர்ந்த ஆஸ்பென் மரச்சீவலையோ பரப்புங்கள். தச்சுப் பட்டறைச் சீவலில் எந்த மரமும் பசையும் கலந்திருக்கும் என்று தெரியாததால் அது வேண்டாம். தண்ணீர்க் கிண்ணம் சிறியதாகவும் கனமானதாகவும் இருந்து, குளிர்ந்த முனையில் அமையட்டும்.

கூண்டின் பூட்டுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். மண்ணைத் தோண்டிப் பழகிய இந்தப் பாம்பு, மூக்கு நுனியின் பெரிய செதிலால் ஒவ்வொரு இடுக்கையும் முட்டிப் பார்க்கும். மஞ்சள் கலந்த பழுப்பு உடலில் கருந்திட்டுகளும் உரத்த சீறலும் கொண்ட இது தப்பி மாடிப்படிக்கு வந்தால், பார்ப்பவர் கண்ணுக்குக் கண்ணாடி விரியனாகவே தோன்றும். அடுத்த நிமிடமே அடிபட்டுச் சாகும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. இதன் மறுபக்கம் இன்னும் அபாயகரமானது. உங்கள் பாம்பு காணாமல் போன நாளில் தோட்டத்திலோ கார் நிறுத்துமிடத்திலோ திட்டுப் போட்ட பாம்பு ஒன்று சீறினால், அதைத் தன் பாம்பென்று நம்பிக் கை நீட்டவே கூடாது. வெளியில் காண்பதை விரியன் என்றே கருதி விலகி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ தகவல் சொல்ல வேண்டும். கடி பட்டுவிட்டால் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்வதே வழி. வளர்க்க முடியாமல் போனாலும் பாம்பை ஏரிக்கரையிலோ காட்டிலோ விடக் கூடாது. வளர்ப்புப் பாம்பாக வந்த கலிஃபோர்னியா கிங் ஸ்நேக், ஸ்பெயினுக்குரிய கிரான் கனேரியா தீவில் பரவி அங்குள்ள பல்லியினங்களை அழித்து வருகிறது.

குட்டிக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறையும் வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறையும், பாம்பின் உடல் பருமனுக்கு ஏற்ற எலி போதும். கொடுக்கும் போதெல்லாம் தின்னும் இனம் என்பதால் கொழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பொறியில் சிக்கிய எலியை ஒருபோதும் கொடுக்காதீர்கள்; அது எலி மருந்தைத் தின்றிருக்கலாம், அதைக் கையாளும் உங்களுக்கும் எலிக்காய்ச்சல் தொற்றலாம். உயிருள்ள எலியைப் போடுவது எலிக்கும் கொடுமை, கடிபடும் பாம்புக்கும் கொடுமை. உறைந்த எலியை இரவில் குளிர்பதனப் பெட்டியில் இளக்கி, பிறகு வெதுவெதுப்பான நீரில் வைத்து, இடுக்கியால் நீட்டுங்கள். இதற்கெனத் தனிச் சிறு உறைபெட்டி வைத்தால் சமையலறையில் சண்டை வராது.

உண்ட பின் இரண்டு நாட்களும், சட்டை உரிக்குமுன் கண்கள் நீலம் பாரித்திருக்கும் நாட்களிலும் பாம்பைத் தொட வேண்டாம். மற்ற நாட்களில் மேலிருந்து பாய்ந்து பிடிக்காமல், பக்கவாட்டிலிருந்து நிதானமாகக் கை கொடுத்து உடலின் நடுப்பகுதியைத் தாங்கி எடுங்கள். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்பதை நோய் வந்த பின் தேடாமல், முன்பே விசாரித்து வையுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் தொடங்கலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் கண்ட ஊர் இது. கூண்டைத் தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் வையுங்கள். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் பாம்பை முடிச்சிட்ட தலையணை உறைக்குள் இட்டு, காற்றுத் துளையுள்ள மூடிய பெட்டியில் கொண்டு செல்லலாம். நல்ல நிலையில் உள்ள வளர்ந்த பாம்பு சில வாரம் உணவின்றித் தாங்கும் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பெட்டியின் மேல், உள்ளே நச்சில்லாத வளர்ப்புப் பாம்பு இருக்கிறது என்பதையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, ஆவண நகலை நெகிழி உறையில் இட்டு ஒட்டிவிடுங்கள்.