பந்து எல்லை தாண்டினால்: சாஃப்ட்பால் அம்பயர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) ஆடும் பல திடல்களில் முறையான வேலி கிடையாது. கயிறு கட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்புக் கோடு. பள்ளித் திடலென்றால் காம்பவுண்டுச் சுவரும் உள்ளே நீண்ட வேப்பங்கிளையும் இருக்கும். முதல் தவறு ஆட்டத்துக்கு முன்பே நடக்கிறது: இவற்றை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று இரு கேப்டன்களிடமும் பேசாமல் விடுவது. பந்து கிளையில் பட்ட பிறகு விதி சொன்னால் ஒரு தரப்பாவது ஏற்காது.

அதிகம் தவறுவது இரண்டு பேஸ் (ஓடுபவர்கள் வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்) கணக்கில்தான். ஃபேர் பந்து (இரு ஃபவுல் கோடுகளுக்குள் அடிக்கப்பட்டது) தரையில் குத்தி எல்லைக்கு வெளியே போனால் பேட்டருக்கும் ரன்னர்களுக்கும் (ஏற்கனவே பேஸில் இருப்பவர்கள்) இரண்டு பேஸ். எங்கிருந்து எண்ணுவது? பிட்சர் (பேட்டருக்குப் பந்து வீசுபவர்) பந்தை விட்ட நேரத்தில் ரன்னர் எந்த பேஸுக்கு உரியவரோ அங்கிருந்து. முதல் பேஸில் இருந்தவர், பந்து கயிற்றைத் தாண்டும்போது மூன்றாவது பேஸைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தாலும் அவருக்கு மூன்றாவது பேஸ்தான், பேட்டருக்கு இரண்டாவது. “எப்படியும் ரன் எடுத்திருப்பார்” என்ற வாதத்துக்கு இடமில்லை. ஃபீல்டர் எறிந்த பந்து வெளியே போனாலும் இரண்டு பேஸ்தான். ஆனால் அங்கே கணக்கு, பந்து எறிபவரின் கையை விட்ட நேரத்திலிருந்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு.

ஃபீல்டரின் கிளவுஸில் பட்டு வெளியே போகும் பந்தில் அவசரப்படக் கூடாது. தரையிலோ வேலியிலோ படாமல் வந்த ஃபேர் பந்து கிளவுஸில் தட்டி, ஃபேர் பகுதியிலேயே வேலியைத் தாண்டினால் ஹோம் ரன், அதாவது பேட்டர் எல்லா பேஸையும் சுற்றி வரலாம். தட்டியது ஃபவுல் பக்கமாக (கோடுகளுக்கு அப்பால்) வெளியே போனால் இரண்டு பேஸ். முதலில் வேலியில் மோதி, பிறகு ஃபீல்டர் மேல் பட்டுத் தாண்டினாலும் இரண்டுதான். வேலியில் பட்டதுமே அது காற்றில் வரும் பந்து இல்லை.

ஃபவுல் கோட்டின் முனையில் நிற்கும் ஃபவுல் கம்பம் ஃபேர் பகுதியைச் சேர்ந்தது. உயரே வந்த பந்து வேலி மட்டத்துக்கு மேல் அதில் பட்டால் ஹோம் ரன். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டால் உயரப் போகும் பந்து வளையும். வேலியைக் கடந்த இடம்தான் கணக்கு, விழுந்த இடம் அல்ல. கம்பம் இல்லாத திடலில் இரு கோடுகளின் முனையிலும் உயரமான சவுக்குக் கழி நட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஊகித்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும்.

கிரிக்கெட் பழக்கமும் குறுக்கே வரும். கேட்ச் பிடிக்கும்போது ஃபீல்டர் வேலியைத் தொட்டாலே செல்லாது என்று சிலர் கை தூக்கிவிடுகிறார்கள். சாஃப்ட்பாலில் வேலிமேல் சாய்ந்தும், அதற்கு அப்பால் கை நீட்டியும் பிடிக்கலாம். சுண்ணாம்புக் கோடும் ஆட்டப் பகுதிதான். வெளித்தரையில் கால் ஊன்றிப் பிடித்தால் கேட்ச் இல்லை. உள்ளே பிடித்துவிட்டு, ஓடிய வேகத்தில் வெளியே போய்விட்டால் பேட்டர் அவுட். ஆனால் மற்ற ரன்னர்களுக்கு ஒரு பேஸ். வேண்டுமென்றே கொண்டுபோனால் இரண்டு.

ஹோம் ரன் ஆனபின் முதுகைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பேஸும் தொடப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடாமல் விட்டதை எதிரணி முறையிட்டால் அந்த ரன்னர் அவுட். முன்னால் ஓடுபவரைப் பேட்டர் முந்தினாலும் அவுட். அதற்கு முறையீடுகூடத் தேவையில்லை.