முகத்தை மறைத்தால் மட்டும் போதாது: தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரித் தேர்வுகள் முடிந்ததும் சென்னையிலுள்ள செய்தித் தொலைக்காட்சிகளுக்குப் புதிய செய்தியாளர்கள் வந்து சேர்கிறார்கள். நேரலையில் நாக்குழறுவதையும் லகர ளகரம் பிறழ்வதையும் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. ஓரிரு மாதங்களில் களமே அவற்றைத் திருத்திவிடும். எங்கள் தலைமுறை செய்து, பிறர் வாழ்வைப் பாதித்த தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்ப்பதால்தான் எழுதத் தோன்றியது.

முகத்தை மட்டும் மறைத்து, அடையாளத்தைக் காட்டிக்கொடுப்பது

பாலியல் குற்றத்துக்கு ஆளான சிறுமியைப் பற்றிய செய்தியில் முகத்தை பிளர் செய்துவிட்டால் கடமை முடிந்தது என்று பெரும்பாலான புதியவர்கள் நினைக்கிறார்கள். அண்மையில் ஓர் இளைஞர் மாவட்டத்திலிருந்து அனுப்பிய காட்சிகளை எடிட்டிங் அறையில் பார்த்தேன். தாயின் முகம் பிளர் செய்யப்பட்டிருந்தது. ஆனால் அவர் அமர்ந்திருந்த திண்ணைக்குப் பின்னால் பாதி நீலமும் பாதி பச்சையுமாக வண்ணம் பூசிய கதவு தெரிந்தது. எதிர்ச்சுவர் விளம்பரத்தில் கிளைச் செயலாளரின் பெயரும் ஊர்ப்பெயரும் துலக்கமாக இருந்தன. கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. தாயின் குரலோ மாற்றப்படாமல் அப்படியே ஒலித்தது. சென்னையில் இருப்பவருக்கு அது ஏதோ ஒரு வீடு. அந்தத் தெருக்காரருக்கு அது யார் வீடு என்று தெரிய ஒரு விநாடி போதும், அந்தச் சிறுமி பள்ளிக்குப் போக வேண்டியதும் அதே தெரு வழியாகத்தான். ஒளிபரப்பை நிறுத்திவைத்துவிட்டு அந்த இளைஞரை அழைத்துக் கேட்டபோது, "முகம்தான் தெரியலையே சார்" என்றார். இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டாலும் எனக்குக் கோபம் ஆறுவதில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நிறுவன உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பேற்க வேண்டும். பெற்றோரே சம்மதித்துப் பேசினார்கள் என்ற விளக்கம் இங்கே செல்லாது, ஏனெனில் அனுமதி தரும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. இறந்துவிட்டவரின் பெயரைச் சொல்லலாம் என்ற எண்ணமும் தவறு: ஜம்மு காஷ்மீரின் கத்துவாவில் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் அடையாளத்தை வெளியிட்ட ஊடக நிறுவனங்கள் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதிகாரியே பெயரைச் சொன்னார் என்பதும் நம்மைக் காப்பாற்றாது. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் அரசுத் தரப்பிலிருந்தே வெளியானபோது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதிகாரி பெயரைச் சொல்லும் பேட்டியை அப்படியே ஒளிபரப்பினால் அந்தக் குற்றத்தில் நாமும் பங்கேற்கிறோம்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் சிறுமியின் சித்தப்பா என்று செய்தியில் சொல்லிவிட்டு அவருடைய பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடுவது, சிறுமியின் பெயரையே சொல்வதற்கு ஒப்பானது. உறவைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் பெயரை விடுங்கள்.

குடும்பத்தாரின் பேட்டி உண்மையிலேயே தேவைப்பட்டால், அவர்கள் ஊருக்கு வெளியே, வெற்றுச் சுவரின் முன், வெளிச்சம் பின்னாலிருந்து விழும்படி நிழலுருவாக எடுங்கள். கைகளை மட்டும் எடுப்பவர்கள் பச்சை குத்திய அடையாளமும் வளையலும் தழும்பும் கண்ணில் படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மென்பொருளால் மாற்றிய குரலை மீண்டும் பழையபடி ஆக்கிவிட முடியும் என்பதால், அவர் சொன்னதை வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்வதே பாதுகாப்பானது. பிளர் செய்யாத காட்சியை வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள்.

இறப்புச் செய்தியில் முந்துவது

2016 டிசம்பர் 5 மாலை, முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார் என்று சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அறிவித்தன. அப்பல்லோ மருத்துவமனை உடனே மறுத்தது; கட்சித் தலைமையகத்தில் அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்ட கொடி மீண்டும் ஏற்றப்பட்டது. அன்றிரவு 11.30 மணிக்கு அவர் இறந்ததாகத்தான் மருத்துவமனை பின்னர் அறிவித்தது. வேறு சேனல் போட்டுவிட்டது என்று அலுவலகத்தின் செய்திப் பிரிவான டெஸ்க் எவ்வளவு நெருக்கினாலும், அறிக்கை கைக்கு வரும்வரை "உறுதியாகவில்லை" என்றே சொல்லுங்கள்.

பழைய காட்சியை இன்றையதாக ஓட்டுவது

2015 வெள்ளக் காட்சி என்றால் திரையில் ஆண்டைப் போடுங்கள்.

மைக்கைக் கழற்றும் முன் பேசுவது

பேசாதீர்கள்.

பைட்டோடு (சிறு பேட்டித் துணுக்கோடு) திரும்பிவிடுவது

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போகும் புதியவர்கள், மனு கொடுக்க வந்தவர் அழுவதைப் பதிவு செய்துகொண்டு திரும்பிவிடுகிறார்கள். அன்றைய செய்திக்கு அது போதும். ஆனால் பட்டாவுக்காக அவர் எத்தனை ஆண்டுகளாக அலைகிறார், யாருடைய மேசையில் கோப்பு நிற்கிறது என்பவை அந்த பைட்டில் இருப்பதில்லை. அவருடைய மனுவை முழுதாகப் படித்து, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, மனு எண்ணையும் அவருடைய கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் கழித்து வட்டாட்சியரிடம் அந்தக் கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்கப் போகும்போது, அவர் முதலில் கேட்பது மனு எண்ணைத்தான்.