பைத்தான் நிரலுக்கு ஒரு விண்டோஸ் இன்ஸ்டாலர்: முதல்முறை செய்பவர்களுக்கு

நிரலை எழுதி நண்பருக்கு அனுப்பினால், "இதில் எதை டபுள் கிளிக் செய்யணும்?" என்று கேட்பார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு செட்டப் ஃபைல். பைஇன்ஸ்டாலர், இன்னோ செட்டப் ஆகிய இரண்டும் இருந்தால் அதைச் செய்துவிடலாம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பைஇன்ஸ்டாலர் இன்ஸ்டாலர் செய்யாது! நிரலையும் பைத்தானையும் ஒன்றாகக் கட்டித் தருவதோடு சரி. அதைச் செட்டப் ஃபைலாக மாற்றுவது இன்னோ செட்டப். விண்டோஸுக்கான நிரலை விண்டோஸிலேயே கட்ட வேண்டும்.

1. கட்டுவது

புதிய விர்ச்சுவல் என்விரான்மென்ட் (லைப்ரரிகளைத் தனியாக வைக்கும் பைத்தான் ஃபோல்டர்) ஒன்றில் தேவையான லைப்ரரிகளையும் பைஇன்ஸ்டாலரையும் மட்டும் நிறுவுங்கள். இல்லையென்றால் வேண்டாத லைப்ரரிகளும் ஒட்டிக்கொண்டு வந்து அளவு ஊதிவிடும். அப்புறம் டெர்மினலில் பைஇன்ஸ்டாலர் என்று அடித்து, உங்கள் முதன்மைக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். 'டிஸ்ட்' ஃபோல்டருக்குள் விளைவு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸி ஃபைலாக்கும் 'ஒன்ஃபைல்' விருப்பத்தின் பக்கம் போகாதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லாவற்றையும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போடுவதால் மெதுவாகத் திறக்கும். கறுப்புத் திரையை மறைக்கும் 'விண்டோட்' விருப்பத்தை, எல்லாம் சரியாக ஓடிய பிறகு கடைசியாகச் சேருங்கள். பிழைச் செய்தி அந்தத் திரையில்தான் வரும்.

பலர் தடுக்கி விழும் இடம் படங்களும் டேட்டாபேஸும். பைஇன்ஸ்டாலர் இம்போர்ட் வரிகளைப் பிடித்துக்கொண்டு போவதால், அவை அதன் கண்ணில் படாது. 'ஆட்-டேட்டா' விருப்பத்தில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிரலிலும் வெறும் ஃபோல்டர் பெயரை எழுதாமல், நிரல் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து பாதையைக் கணக்கிடுங்கள்.

2. செட்டப் ஃபைல்

இன்னோ செட்டப்பின் விஸார்டு கேட்கும் பெயர், பதிப்பு எண், முதன்மை எக்ஸி ஆகியவற்றைக் கொடுத்து, டிஸ்டுக்குள் உங்கள் நிரலின் பெயரில் இருக்கும் ஃபோல்டரை உட்பிரிவுகளோடு சேருங்கள். கம்பைல் செய்தால் வேலை முடிந்தது. விஸார்டு எழுதித் தரும் ஸ்கிரிப்டில், உங்கள் நிரலை அடையாளம் காட்டும் 'ஆப்ஐடி'யை மட்டும் பிறகு மாற்றவே கூடாது. மாற்றினால் அடுத்த பதிப்பு பழையதன் மேல் ஏறாமல் தனி நிரலாக உட்கார்ந்துகொள்ளும்.

3. வேறு கணினியில் ஓட்டுவது

என் முதல் இன்ஸ்டாலர் என்னிடம் நன்றாக ஓடியது. நண்பரிடம் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. லாக் ஃபைலை நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதியிருந்தேன். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணப் பயனரின் நிரல் எழுத விண்டோஸ் விடாது. லாக், செட்டிங்ஸ் எல்லாம் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக இருக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குப் போக வேண்டும். அதனால் பைத்தானே இல்லாத விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி), அட்மின் அல்லாத கணக்கில் ஓட்டிப் பாருங்கள்.

டிஜிட்டல் கையொப்பம் இல்லாத ஃபைல் என்பதால் விண்டோஸின் பாதுகாப்பு வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீனின் எச்சரிக்கை வரலாம். ஃபைலைப் பெறுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்இன்ஸ்டாலும் செய்து பாருங்கள். இன்னோ செட்டப் தான் வைத்தவற்றை மட்டுமே எடுக்கும், ஆப்டேட்டாவில் நிரல் எழுதியவை அப்படியே இருக்கும். நான் அவற்றை விட்டுவிடுவேன், மறுபடி நிறுவுபவருக்குப் பழைய தரவு கிடைக்குமே.