டெஸ்லா காரை வீட்டு வைஃபையில் இணைக்கத்தான் வேண்டுமா? இணைப்பது எப்படி?

போன மாதம் மாடல் ஒய் வாங்கிய நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏன் அண்ணா, காருக்குள்ளேயே இன்டர்நெட் இருக்கே, அப்புறம் எதுக்கு வீட்டு வைஃபை?" நியாயமான கேள்விதான். நானும் கார் வாங்கிய முதல் நான்கு மாதம் வைஃபை பக்கமே போகவில்லை. கார் பாட்டுக்கு ஓடியது, சார்ஜ் ஏறியது, ஒரு குறையும் தெரியவில்லை. சாஃப்ட்வேர் அப்டேட் மட்டும் வரவே இல்லை.

காரில் இருக்கும் செல்போன் இணைப்பு சின்னச் சின்ன வேலைகளுக்குப் போதும். வழி காட்டும், போனில் இருந்து ஏசியை ஓடவிடலாம். அப்டேட் அப்படியில்லை, பெரிய ஃபைல். அவசரமானதைச் செல்போன் இணைப்பிலேயே அனுப்புவதுண்டு என்றாலும், மற்றதெல்லாம் பெரும்பாலும் வைஃபை கிடைக்கும்வரை காத்துக்கிடக்கும். நேவிகேஷன் மேப்பும் வைஃபை வழியாகத்தான் வந்து சேரும். புதிதாகத் திறந்த சாலை உங்கள் காருக்கு மட்டும் தெரியவில்லையா? முதலில் வைஃபையைத்தான் பார்க்க வேண்டும்.

"புது கேம் வரும், விளக்கு நடனமாடும், அதானே?" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் வரும்தான். ஆனால் 2018 மே மாதம் பொருட்களைச் சோதித்துச் சொல்லும் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு டெஸ்லா மாடல் 3-ஐச் சோதித்தபோது, மணிக்கு 60 மைல் வேகத்தில் இருந்து பிரேக் போட்டு நிற்க 152 அடி ஆனது. சில நாளில் டெஸ்லா ஒரு அப்டேட் அனுப்பியது. மறுபடி சோதித்தால் 133 அடி! யாரும் ஸ்பேனரைத் தொடவில்லை. 2023 டிசம்பரில் ஓட்டுநருக்கு உதவும் ஆட்டோபைலட் வசதி தொடர்பாக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பு, அறிவித்தார்கள். அதற்கான திருத்தமும் அப்டேட்டாகத்தான் போனது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. சிக்னல் பாருங்கள்

பலர் தடுமாறும் இடம் இதுதான். காரை இரவில் வழக்கமாக நிறுத்தும் இடத்திலேயே நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். போனில் வைஃபை எத்தனை கோடு காட்டுகிறது? சோபாவில் உட்கார்ந்து பார்த்த கணக்கு இங்கே செல்லாது. எங்கள் வீட்டில் ராவுட்டர் டிவிக்குப் பின்னால் மூலையில் ஒளிந்திருந்தது. கராஜில் போன் ஒரே ஒரு கோடு காட்டியது, அதுவும் வந்து வந்து போனது. புதிதாக ஏதாவது வாங்கலாமா என்று விலையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ராவுட்டரைத் தூக்கிக் கராஜ் பக்கச் சுவரோரம் இருந்த புத்தக அலமாரியின் மேல் வைத்தேன். மூன்று கோடு. செலவு, ஒரு நீள ஒயர்.

ராவுட்டர் 2.4, 5 என இரண்டு கிகாஹெர்ட்ஸிலும் தனித்தனிப் பெயரில் வைஃபை கொடுத்தால், காருக்கு 2.4-ஐ எடுங்கள். வேகம் குறைவுதான், ஆனால் சுவரைத் தாண்டி அதுதான் நன்றாக வரும். தூங்கும் நேரத்தில் இறங்கும் ஃபைலுக்கு வேகம் எதற்கு?

2. இணையுங்கள்

கார் திரையில் கன்ட்ரோல்ஸ் திறந்து வைஃபையைத் தொட்டால் அக்கம்பக்கத்து நெட்வொர்க் எல்லாம் வரிசையாக வரும். உங்களுடையதைத் தொட்டு, பாஸ்வேர்டு போட்டு உறுதிசெய்யுங்கள். அடுத்த முறை சிக்னல் எல்லைக்குள் வந்ததும் கார் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

3. சாஃப்ட்வேர் பக்கம்

அதே கன்ட்ரோல்ஸில் சாஃப்ட்வேர் என்று இருக்கும். இப்போது காரில் இருக்கும் பதிப்பு எது என்று அங்கே தெரியும். அப்டேட் விருப்பத்தில் ஸ்டாண்டர்டு, அட்வான்ஸ்டு என இரண்டு உண்டு. அட்வான்ஸ்டு வைத்தால் உங்கள் காருக்கு வந்தவுடன் கிடைக்கும். புதுசு என்றால் துள்ளுகிறவர்கள் அதை வைக்கட்டும். மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்டே போதும் என்பது என் கட்சி. பிழை ஏதாவது இருந்தால் முந்திக்கொண்டவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. திரையின் உச்சியில் சின்னப் படம்

மஞ்சள் நிறத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி தெரிந்தால், அப்டேட் வைஃபைக்காகக் காத்திருக்கிறது. பச்சையானால் இறங்கிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் கடிகாரம் வந்தால் முழுதாக இறங்கிவிட்டது, காரில் ஏற்றுவதுதான் பாக்கி.

5. எப்போது ஏற்றுவது

இறங்குவதும் ஏற்றுவதும் வேறு வேறு. இறங்கும்போது கார் ஓட்டலாம். ஏற்றும்போது 'பார்க்' (P) கியரில்தான் நிற்க வேண்டும், நடுவில் ஓட்ட முடியாது. கையால் தொடங்கினால் இரண்டு நிமிட அவகாசம் தரும், அதற்குள் ரத்து செய்யலாம். ஒரு சனிக்கிழமை காலை, மகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் சும்மா போன் ஆப்பில் அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் கார் அசையவில்லை. மகள் பையை மாட்டியபடி வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதில் இருந்து இரவு 2 மணிக்கு நேரம் குறித்துவிடுகிறேன். சார்ஜ் ஏறும்போது அப்டேட் தொடங்கினால் சார்ஜ் நின்றுவிடும். முடிந்ததும் தானாகத் தொடரும், பயப்பட வேண்டாம்.

அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு

கீழ்த்தளத்தில் கார், ஆறாவது மாடியில் ராவுட்டர் என்றால் போன் ஹாட்ஸ்பாட்தான் கைகொடுக்கும். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'யை ஆன் செய்யுங்கள், 2.4-க்கு மாறிவிடும். போகும் வழியிலேயே இறங்க வேண்டுமென்றால், கார் திரையில் அந்த நெட்வொர்க்குக்குக் கீழே, ஓட்டும்போதும் இணைப்பில் இருக்கச் சொல்லும் தேர்வு உண்டு, அதையும் ஆன் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை இப்படிச் செய்தாலே போதும். மேப் அப்டேட் மட்டும் ஜிபி கணக்கில் டேட்டாவைத் தின்னும். அதற்கு, வீட்டில் நல்ல வைஃபை இருக்கும் நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நாளாகப் பாருங்கள்.