லைவ் எய்ட் மேடையில் குயீன்: எப்படிப் பார்ப்பது?

எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குயீன் வாசித்தது ஏறத்தாழ 21 நிமிடங்களே என்பதால், அதை இடையில் நிறுத்தாமல் பாருங்கள். ஹெட்போன் அணிந்தால்தான் ஜான் டீக்கனின் பேஸ் கித்தார் துலங்கும்.

முதல் முறை பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியை மட்டும் கவனியுங்கள்: பியானோவில் தொடங்கும் அவர், பிறகு அடிப்பகுதி இல்லாத மைக் ஸ்டாண்டோடு மேடை முழுக்க உலவுகிறார். தொடக்கப் பாடல் பாதியிலேயே அடுத்ததற்குத் தாவிவிடும். நேரம் அவ்வளவுதான், ஆல்பத்தோடு ஒப்பிட வேண்டாம்.

இரண்டாம் முறை கூட்டத்தைப் பாருங்கள். 'ரேடியோ கா கா' பல்லவியில் பல்லாயிரம் கைகள் தலைக்கு மேல் ஒருசேரத் தட்டுவதும், பின்னர் மெர்க்குரி இழுத்துப் பாடும் ஒற்றை ஸ்வரத்தை அரங்கமே திருப்பிப் பாடுவதும்தான் உச்சம். என் கணிப்பில், இறுதிப் பாடல்கூட அதற்கு அடுத்தபடிதான்.