கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது சுருதி மாறுகிறதா? சாம்பிள் ரேட்டைச் சரிசெய்யும் முறை

கல்யாணத்து நாயனம், ஆச்சிமார் பாடிய தாலாட்டு, பழனி நடைப்பயணக் காவடிப் பாட்டு என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒயர் செருகுவதில் யாரும் தடுமாறுவதில்லை. தடுமாறுவது சாம்பிள் ரேட்டில்தான். ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்ற எண் அது, ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். பதிந்த எண் ஒன்று, கோப்பில் குறித்த எண் வேறு என்றானால் வேகமும் சுருதியும் மாறிவிடும். கேசட் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யுஎஸ்பி ஆடியோ கருவிக்கு ஒயர் போட்டாகிவிட்டது, ஒலியைப் பதிந்து திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளும் நிறுவியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் ஒரே ஒரு எண்ணை முடிவு செய்யுங்கள். ஆடியோ சிடி மட்டும்தான் போடப்போகிறீர்கள் என்றால் 44,100 ஹெர்ட்ஸ். மற்ற எல்லாவற்றுக்கும் 48,000 என்பதே என் கட்சி. இந்தப் பதிவுகள் என்றைக்காவது கல்யாண வீடியோவோடு சேரும், வீடியோவின் வழக்கமான ரேட் 48,000. கேசட்டுக்கு 96,000 வேண்டவே வேண்டாம். மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஒரு ரேட் தன்னில் பாதி உயரம் வரைதான் பதியும், அதனால் 48,000 ரேட் 24,000 வரை தாங்கும், பழைய கேசட்டில் அவ்வளவு உயரத்தில் சீறல்தான் இருக்கும். 24 பிட் (ஒவ்வொரு சாம்பிளையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்ற கணக்கு) ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 48,000 ரேட்டில் ஏறக்குறைய 1 ஜிபி, 96,000 என்றால் அதற்கு இரட்டிப்பு.

இனி விண்டோஸ். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய், அடியில் உள்ள 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' திறக்க வேண்டும். 'ரெக்கார்டிங்' தாவலில் உங்கள் யுஎஸ்பி கருவியை இரட்டைக் கிளிக் செய்து, 'அட்வான்ஸ்டு' தாவலில் '2 சேனல், 48000 ஹெர்ட்ஸ்' உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். 24 பிட் இருந்தால் நல்லது, 16 மட்டும் இருந்தாலும் கேசட்டுக்குப் போதும். '1 சேனல்' என்று இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீரியோ கிடைக்காது. 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

பாதிப் பேர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 'ப்ளேபேக்' தாவல் தனி, அதற்குத் தனி எண். அங்கே போய் ஸ்பீக்கருக்கும் அதே 48,000 கொடுங்கள்.

ஆடாசிட்டியில் 'ஆடியோ செட்டப்' பொத்தானை அழுத்தி, ஹோஸ்ட் என்ற இடத்தில் 'எம்எம்இ' இருப்பதை 'விண்டோஸ் வாசாபி' ஆக்குங்கள். இரண்டும் விண்டோஸிலிருந்து ஒலியை வாங்கும் வழிகள், எம்எம்இ பழையது, வாசாபி புதியது. பிறகு 'ஆடியோ செட்டிங்ஸ்' உள்ளே ப்ராஜெக்ட் ரேட், டீஃபால்ட் ரேட் இரண்டையும் 48,000 ஆக்குங்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் எம்எம்இ சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. வாசாபி அப்படி விடாது. '-9997 இன்வாலிட் சாம்பிள் ரேட்' என்று முகத்துக்கு நேரே சொல்லி நின்றுவிடும். அதனால்தான் வாசாபியை விரும்புகிறேன். அந்தச் செய்தி வந்தால் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன இடங்களில் ஏதோ ஒன்றில் எண் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

முழுக் கேசட்டையும் ஓட்டுவதற்கு முன் ஒரு சோதனை. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து சரியாக 10 நிமிடம் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி 10 நிமிடம் காட்டினால் சரி. கருவி 44,100-இல் கொடுத்ததை 48,000 என்று குறித்துக்கொண்டிருந்தால் 9 நிமிடம் 11 விநாடிதான் காட்டும். இரண்டு கட்டையில் வாசித்த நாயனம் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் போய் நிற்கும், காலப்பிரமாணமும் ஓடும். தலைகீழாக நடந்திருந்தால் 10 நிமிடம் 53 விநாடி காட்டி, சுருதி இறங்கியிருக்கும். நேரம் சரியாக இருந்தும் சுருதி மட்டும் பிசகினால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. டெக்கின் மோட்டார் வேகத்தையும் பெல்ட்டையும் பாருங்கள்.

ஏற்கெனவே தப்பாகப் பதிந்த கோப்பு இருந்தால்? இங்கேதான் நிதானம் வேண்டும். ஆடாசிட்டியில் சாம்பிள் ரேட் மாற்ற இரண்டு வழி உண்டு, இரண்டும் செய்வது வேறு வேறு வேலை. ட்ராக் பெயரை அழுத்தினால் வரும் பட்டியலில் உள்ள 'ரேட்', சாம்பிள்களைத் தொடாது. வேகத்தை மட்டும் மாற்றும், சுருதியும் கூடவே மாறும். மேலே 'ட்ராக்ஸ்' மெனுவில் உள்ள 'ரீசாம்பிள்', சாம்பிள்களையே புதிதாகக் கணக்கிடும், சுருதியும் நீளமும் அப்படியே இருக்கும். நல்ல கோப்பை 44,100-லிருந்து 48,000-க்குக் கொண்டுபோக முதலாவதைத் தொட்டால் பாட்டு கெட்டுவிடும், இரண்டாவதுதான் சரி. 48,000 என்று தவறாகக் குறிக்கப்பட்ட கோப்புக்கோ முதலில் 'ரேட்' போய் 44,100 ஆக்க வேண்டும். சுருதி இறங்கி இடத்துக்கு வந்ததைக் கேட்டுவிட்டு, பிறகு 'ரீசாம்பிள்' கொடுத்து 48,000 ஆக்குங்கள். வரிசை முக்கியம்.

ஏற்றுமதி செய்யும் பெட்டியிலும் சாம்பிள் ரேட் கேட்கும், அங்கேயும் 48,000. மூலப் பிரதியைத் தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும் எம்பி3 எடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. யூட்டிலிட்டீஸ் அடைவில் 'ஆடியோ மிடி செட்டப்' திறந்தால் எல்லாக் கருவியும் இடப்பக்கம் நிற்கும். ஒவ்வொன்றாகத் தொட்டு 'ஃபார்மட்' மாற்றினால் போதும்.

பிற்சேர்க்கை: சரியாக ஓடிக்கொண்டிருந்தது மறுநாள் பிழை காட்டினால், யுஎஸ்பி கருவியை வேறு துளையில் செருகினீர்களா என்று பாருங்கள். பல கருவிகளை விண்டோஸ் அப்போது புதுக் கருவியாக எடுத்துக்கொண்டு பழைய அமைப்பை விட்டுவிடும். ஒரு துளையில் ஸ்டிக்கர் ஒட்டி அதிலேயே செருகுங்கள். இன்னொன்று, ப்ளூடூத் ஹெட்செட் போட்டுக்கொண்டு சரிபார்க்காதீர்கள். அதன் மைக்கை ஏதாவது மென்பொருள் எடுத்துக்கொண்டால் சத்தம் போன் பேசும் தரத்துக்கு, 16,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு, இறங்கிவிடும். பதிவு நன்றாக இருந்தும் கெட்டதுபோலக் கேட்கும். ஒயர் ஹெட்போன் போதும்.