மாரியில் நனைந்து வந்தவரைக் கவனிப்பது எப்படி?

மாரி தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் நனையாத ஆள் இல்லை. விடியலில் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகும் என் கணவர் பொழுதுபடத் திரும்பும்போது சாரம் தொடையோடு ஒட்டிக் கிடக்கும். விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கியிருக்கும். இருபது வருடங்களாகத் துவாயோடு கடப்படியில் நிற்கிறேன்.

முதலில் ஈர உடுப்பைக் கழற்றுங்கள். தேநீரெல்லாம் பிறகு. தலையை மட்டும் துடைத்துவிட்டு உட்கார விடாதீர்கள். கழுத்து, அக்குள், கால்விரல் இடுக்கு வரை துடைத்து, உலர்ந்த சாரமும் போர்வையும் கொடுங்கள். பிறகு மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) அவித்த தண்ணீர். சாராயம் மட்டும் வேண்டாம். அது இரத்தத்தைத் தோலுக்கு இழுப்பதால் சூடேறுவதுபோல் தெரியும். உள்ளே இருக்கும் சூடு அந்த வழியாகவே வெளியேறிவிடும். நடுங்கிக்கொண்டிருந்தவருக்குப் பேச்சுக் குழறினால், தூக்கம் தூக்கமாக வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உடம்புச் சூடு 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது உயிருக்கே ஆபத்து.

குளிரால் தடிமன் (சளி) வருமா? மழைத்தண்ணீர் தலையில் இறங்கிவிட்டது என்பார் என் மாமி. தடிமனைத் தருவது வைரசு. அது இன்னொருவரிடமிருந்துதான் வர வேண்டும். ஆனாலும் மாமியின் பேச்சை நான் தள்ளிவிடுவதில்லை. 2005இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 90 பேரின் கால்களை 10 பாகைக் குளிர்நீரில் 20 நிமிடம் வைத்தார்கள். அடுத்த சில நாட்களில் 26 பேர் தடிமன் குணங்களைச் சொன்னார்கள். காலை நனைக்காத 90 பேரில் 8 பேர்தான். ஏற்கெனவே மூக்கில் பதுங்கியிருந்த வைரசுக்குக் குளிர் இடம் கொடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். மழை நாளில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அறையில் படுப்பதும் தடிமனைப் பரப்பும். ஒரு யன்னலையாவது திறந்து வையுங்கள்.

காய்ச்சல் வந்தால்தான் நான் பயப்படுகிறேன். என் தம்பிக்கு வந்தபோது மழையில் நனைந்த காய்ச்சல் என்று நாங்களே முடிவுகட்டி, மூன்று நாள் பனடோலும் கஞ்சியும் கொடுத்தோம். நாலாம் நாள் காலை பாயிலிருந்து எழும்ப அவனால் முடியவில்லை. கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினான். கண் இரண்டும் செம்பரத்தம்பூப்போல் சிவந்திருந்தன. சிறுநீர் கொஞ்சமாக, தேயிலைச் சாயம்போல் போனது. எலிக்காய்ச்சல். பிழைத்துக்கொண்டான்; சிறுநீரகம் தேற நாளானது. குளிர்மீது பழிபோட்டு நாங்கள் இழந்த அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அந்தக் கிருமி எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காயத்தின் வழியாக உடம்புக்குள் போகிறது. காய்ச்சலாக வெளிப்படப் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். ஆகவே நேற்றைய மழையை விட்டுவிட்டு, கடந்த மாதத்தில் எந்த வயலில், எந்த வாய்க்காலில் இறங்கினார், காலில் வெட்டுக்காயம் இருந்ததா என்று கேளுங்கள். வைத்தியரிடமும் அதையே முதலில் சொல்லுங்கள். டெங்கும் இதே மாரியில்தான் வருகிறது. டெங்கென்றால் மற்ற நோமாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டலாம். அதனால் பனடோலைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள்.

விதைப்புக்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, வாரம் ஒருமுறை விழுங்கும் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். தம்பி இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்பிட்ட கையோடு அதை விழுங்கிவிட்டுத்தான் எழும்புகிறான்.